நிற்கச் சொல்லாத நிரல்

அன்று அறையில் இருந்தவர்கள்: சித்தூர் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்த திருமலை சார், ஜன்னலோர மேசையில். முதல் பெஞ்சில் ஸ்ரீஹரி. அவனுக்குப் பின்னால் ஹர்ஷினி. சுற்றாத ஃபேனுக்குக் கீழே, கடைசி பெஞ்சில், காஞ்சனாவாகிய நான். முதல் சுற்றில் தோற்ற மற்றவர்கள் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். இருந்த வேலை ஒன்றுதான்.

ஸ்ரீஹரிக்கு இது கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் திங்கள்கிழமை முதல் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் பெட்டி அடுக்கும் வேலை, கம்ப்யூட்டர் பேச்சே எடுக்கக் கூடாது என்று வரதய்யபாளையத்தில் அவன் நைனா சொல்லிவிட்டார்.

கேள்வித்தாளில் ஒரு படம். நட்சத்திரக் குறிகளால் ஆன முக்கோணம்; அதற்குள் அதே போல் மூன்று சிறிய முக்கோணங்கள்; அவை ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் மூன்று. கீழே ஒரே வரி: 'இப்படத்தை அச்சிடும் கணினி நிரலை மிகக் குறைந்த எழுத்துகளில் எழுதுக.'

பயிற்சி நிலையத்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் மூவரும் ஆடும் ஆட்டம்தான் அது. ஓர் எழுத்தை எடுத்த பிறகும் அதே படம் வந்தால் அந்த எழுத்து வீண். படம் சரியாக வந்துவிட்டால் போதும், அப்புறம் நிரல் எப்படிச் செத்தாலும் கேள்வியில்லை. இவை எங்கள் விதிகள்.

ஸ்ரீஹரி அப்படியே எழுதினான். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் பகுதியே அவன் நிரலில் இல்லை. கடைசி வரி முடிந்ததும் கணக்கு பூஜ்யத்தால் வகுப்பதில் போய் முட்டும். கணினி பிழை காட்டி நின்றுவிடும். என்னுடையதைவிடப் பதினோரு எழுத்து குறைவு.

திருமலை சார் ஓட்டிப் பார்த்தார். படம் பிசகில்லாமல் வந்தது. அதன் கீழே சிவப்பில் பிழைச் செய்தி.

"ஏம்பா, எர்ரர் வருதே?"

"படம் வந்துட்ச்சி சார். அப்பால செத்தா இன்னா?"

நான் எழுந்தேன். "எங்க ஆட்டத்துல இது செல்லும் சார்."

"ஆட்டம் வேற, ஆபீஸ் வேறம்மா. கஸ்டமர் எடத்துல இப்படி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவன் பெயர் மேல் கோடு விழுந்தது. அடுத்த குறைவு என்னுடையது; வேலை எனக்கு வந்தது.

"ஒரு 'நில்லு' எழுதியிருந்தா இப்ப சித்தூர்ல கீறடா நீ," என்றாள் ஹர்ஷினி, படியிறங்கும்போது. ஸ்ரீஹரி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

சம்மதத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். நான் எதையும் வரிசையாக, விளக்கமாக எழுதுகிறவள். நாகலாபுரம் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். இரண்டு பக்கம் வந்தது. தபாலாபீஸ் எதிர் டீக்கடையில் ஸ்ரீஹரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் பேனாவை வாங்கினான்.

"'வணக்கத்துடன் எழுதிக்கொள்வது'. இத எடுத்தா படம் மாறுதா?"

"மாறாது."

"நீ எந்த ஊரு, இன்னா படிச்சே, எல்லாம் அப்ளிகேஷன்லயே கீது." அடித்தான்.

இரண்டாம் பக்கத்துக்கு வந்தான். 'நிரல் எப்படி முடிய வேண்டும் என்று கேள்வியில் சொல்லப்படவில்லை. ஆகவே ஸ்ரீஹரியின் விடையே சரி.'

பேனாவைப் பிடித்துக்கொண்டேன். "இத எடுத்தா மாறும்."

"எனுக்கு மாறும். அவங்க மனசு மாறுமா, சொல்லு."

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. பேனாவை விடாமல் பிடித்திருந்தேன்.

"உன்னியும் வாணாம்பாங்க. ரெண்டு பேருமா பொட்டி அடுக்கிக்கினு இருக்கலாம், வரியா?"

கையை எடுத்தேன். அடித்தான். தன் பெயரை மட்டும் இரண்டு முறை.

புதுத் தாளில் 'வேலையை ஏற்கிறேன்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தான்.

"எதைன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

இன்னொரு தாள் எடுத்தேன். 'ஏற்கிறேன்.' கீழே கையெழுத்து.

உறையை அவனே ஒட்டினான். மடிப்பின் மேல் கட்டைவிரலை ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தித் தேய்த்தான். தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவர் உறையைத் தராசில் வைத்து, முள்ளே அசையாதது போல எங்களைப் பார்த்தார்.

"இந்தேனா? வேற ஒண்ணும் இல்லியா?"

"அந்தே. அவ்ளோதான்," என்றான் ஸ்ரீஹரி.

முத்திரை குத்தி, சித்தூர் பைக்குள் போட்டார்.