மக்டலீன் வீட்டுப் பென்சில் படம்

1929ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை, குருநகரில் மக்டலீன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பென்சில் படத்தில், கதிரையில் உட்கார்ந்திருந்த பெண் கண்களை மூடிக்கொண்டாள். ஒல்லாந்தர் காலத்து வீடொன்றை இடித்தபோது அந்தப் படத்தை முகட்டிலிருந்து எடுத்து வந்தவர் மக்டலீனின் கணவர் அடைக்கலநாதன். மூலையில் 1768 என்றிருந்தது, பெயர் இல்லை. அடுத்த மாதமே கடலுக்குப் போன அடைக்கலநாதன் திரும்பி வரவில்லை. அது நடந்து மூன்று வருடம்.

கண் மூடுவதற்கு முதல்நாள், உரும்பிராயிலிருந்து வந்த சித்திர ஆசிரியர் கனகரத்தினம், சட்டைக் கழுத்தின் நூல்பின்னலைப் பார்த்து, அவள் ஒல்லாந்தக் கப்பித்தானின் மனைவி என்று சொல்லியிருந்தார். பிறகு ஒரு கிளாக்கர் வந்து அடிமைப் பெண் என்றார், பின்னல் அழிந்தது. நோயாளி என்றார் இன்னொருவர், கைகள் அழிந்தன. படத்தைப் பார்த்துச் சொல்ல வந்தவர்கள் போகும்போது அடைக்கலநாதனைப் பற்றியும் விளக்கம் சொன்னார்கள். கடலில் தாண்டுபோனார் என்றார்கள், மன்னாரில் வேறொருத்தியோடு இருக்கிறார் என்றார்கள். 1932இல் படத்தில் உதடுகளும் கதிரையும் மட்டுமே மிஞ்சின. மக்டலீன் கடகத்தைத் தூக்கினால் அதன் ஓலைப் பின்னல் அவளுடைய கைக்கு ஊடாகத் தெரிந்தது.

பூதக்கண்ணாடியோடு கனகரத்தினம் மறுபடி வந்தார். மக்டலீன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"மாஸ்டர், இவ ஆரெண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. என்ரை மனுசன் எங்கை எண்டும் ஒருத்தருக்கும் தெரியாது. இனி ஒண்டும் சொல்லாதேங்கோ."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். "ஓம் பிள்ளை," என்று கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. உயிர்த்த ஞாயிறன்று கண்கள் திறந்தன. முகம் மட்டும் சற்று முதிர்ந்திருந்தது. மக்டலீனின் கையும் திரும்பியது, பென்சில் நிறத்தில். அவள் தொட்ட வெள்ளைத் துணிகளில் சாம்பல் கறை படிந்தது. தோய்த்தால் போய்விடும்.

அவளும் படத்துப் பெண்ணும் பன்னிரண்டு வருடம் சேர்ந்தே வயதானார்கள். 1944 ஐப்பசியில் ஒரு காலை, படத்தில் கதிரை வெறுமையாக இருந்தது. மரணப் பதிவுப் புத்தகத்தோடு வந்த பங்குச் சுவாமி, இறந்தவளின் பெயரைக் கேட்டார்.

"தெரியாது எண்டு எழுதுங்கோ, சுவாமி," என்றாள் மக்டலீன்.

அவர் அப்படியே எழுதினார். நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. சிறிய பெட்டியொன்றில் அந்தப் படக் கடதாசியை வைத்துச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். அன்று குருநகரில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை.