பிடித்திருக்கிறது

என் தம்பி டெரிக் இன்று சாயங்காலத்துக்குள் கப்பல் கம்பெனி ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். கப்பலிலேயே எலக்ட்ரீஷியன் வேலை. இந்த வாய்ப்புக்காக நாயாய் அலைந்தவன், வந்ததும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. துறைமுக வாசலில் லாரிகளைப் பதிவு செய்கிற எங்கள் மென்பொருள் மத்தியானமானால் படுத்துவிடுகிறது. லாரிகள் திருவொற்றியூர் வரை நிற்கின்றன. திட்டு வாங்குவது ராயபுரத்து மாடி வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் நான்.

மென்பொருளின் நிரலுக்குள் லாரி, கண்டெய்னர் என ஒவ்வொரு பதிவும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு, அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று. இங்கே பிடித்திருப்பது ஆசையில் அல்ல, வெறுமனே கையில் பற்றியிருப்பது. எல்லோரும் விட்டுவிட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகும், பொருள் நினைவகத்திலிருந்து கிளம்பிவிடும்.

தேடித் தேடிக் கண் பூத்துப்போன பிறகு கோளாறு அகப்பட்டது. லாரி தன் கண்டெய்னரைப் பிடித்திருந்தது. கண்டெய்னர் லாரியைப் பிடித்திருந்தது. இரண்டுக்கும் வேலை முடிந்துவிட்டது, வெளியே கேட்பாரில்லை. ஆனாலும் ஒன்றுக்காக ஒன்று உட்கார்ந்து, இப்படியே ஜோடி ஜோடியாக இடத்தை அடைத்துவிட்டன. ஒரு பக்கத்துப் பிடியை மட்டும் தளர்த்தினேன். கண்டெய்னருக்கு இனி லாரியைத் தெரியும், ஆனால் பிடித்து வைக்காது. லாரிகள் நகர ஆரம்பித்தன.

டெரிக் சாப்பிட வந்தான். “ஏஜென்டாண்ட முடியாதுன்னு சொல்லிடப் போறேங்கா.”

“இன்னாத்துக்குடா?”

“நான் பூட்டா நீ ஒண்டியா ஆயிடுவியே.”

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “நானும் உனக்கோசரம்தான் பெங்களூர் வேலைய வேணான்னேன்.”

சோற்றில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. அம்மா போனதிலிருந்து நாங்கள் இருவர்தான், துடைக்கத் துடைக்கத் தூசு படிகிற இந்த வீட்டில்.

“அப்ப ரெண்டு பேரும் இன்னாத்துக்குக்கா இங்க குந்திகினு கீறோம்?”

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்து அதைத்தானே திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போன் போடு. வர்றேன்னு சொல்லு” என்றேன்.

சொன்னான். போனை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். “மெய்யாலுமே நான் போறது உனக்குப் புடிச்சிருக்காக்கா?”

“புடிச்சிருக்குடா” என்றேன்.

பிடிக்காமல்தான் சொன்னேன்.