கேஸா கரண்டா

கேஸ் கம்பனிக்காரர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். மவுண்ட் ஆல்பர்ட்டின் பழைய மரவீடுகளுக்கு கேஸ்தான் சரியாம். பத்து நிமிடத்தில் வீடே சூடாகிவிடும், சுடுதண்ணீர் முடியவே முடியாது. கரண்ட் என்றால் ஒரு குளிப்போடு தொட்டியிலுள்ள சுடுதண்ணீர் தீரும், ஹீட்டர் ஒரு மூலையை மட்டும் சுடவைக்கும், பில்லோ கழுத்தை நெரிக்கும். மகேசனுக்கு இவ்வளவு பேச்சே தேவையில்லை. பொருத்திவிட்டுப் போனால் போதும். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி, உலகின் இந்தத் தென்கோடியில் அதுதான் கடுங்குளிர் மாதம். அவன் மனைவி யோகராணி இரண்டு போர்வைக்குள்ளும் சோபாவில் நடுங்கிக்கொண்டிருந்தாள். புற்றுநோய் ஈரல்வரை போய்விட்டது, அடுத்த குளிர்காலம் அவளுக்கு இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இந்தக் குளிரிலாவது அவள் நடுங்காமல் இருக்கவேண்டும். பாழாய்ப்போன இந்த ஊரில் அவனால் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

கசிந்தாலும் பயமில்லை என்றார் வந்தவர். கேஸில் அழுகிய முட்டை நாற்றம் சேர்த்திருக்கிறார்களாம், மூக்கே காட்டிக்கொடுத்துவிடுமாம்.

யோகராணி போர்வையை விலக்கி நிமிர்ந்தாள்.

"கரண்டே போதுமெண்டு சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே? குளிரிலை விறைக்கிறீர்."

"உங்கடை மூக்கு வேலை செய்யுதோ?"

பென்ரோஸ் தொழிற்சாலையில் பெயின்ட் கலந்து கலந்து மகேசனின் மூக்கு செத்தே போயிருந்தது. பால் அடிப்பிடித்தால் அவள்தான் ஓடிவருவாள். ஊசிப்போன குழம்பைத் தட்டிலிருந்து பறிப்பதும் அவள்தான். இத்தனை வருடமும் அவள் மூக்கை நம்பித்தான் பிழைத்துக்கிடந்தான், மடையன்.

"நானில்லாட்டி ஆர் மணந்து சொல்லுறது? என்ரை இந்த ஒரு குளிருக்காக உங்கடை உயிரைப் பணயம் வைக்கப்போறியளோ?"

"நீரில்லாத வீட்டிலை எனக்கென்ன உயிர்?"

"வாயைப் பொத்துங்கோ."

கரண்ட்தான் என்று அவளே வந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் காகிதங்களைச் சுருட்டினார்.

கதவு சாத்தியதும் மகேசன் அவளருகே முழந்தாளிட்டான். செத்தவர்களின் உடுப்பை முகத்தில் பொத்தி முகர்ந்து ஆறுகிறார்கள் மனிதர்கள். தனக்கு அதுகூட மிஞ்சாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுடைய கம்பளிச் சட்டையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தான். இன்னொரு தரம் இழுத்தான். சொரசொரப்பு மட்டுமே தட்டுப்பட்டது.

"மருந்து மணக்குதோ?" மறந்துபோய்க் கேட்டுவிட்டாள்.

"இல்லையப்பா. சீரகம் மணக்குது."

அவள் அடுப்படிப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது. போர்வையை இழுத்து அவன் தலையையும் சேர்த்து மூடினாள்.