வயது பூஜ்யம்

அவள் கணினிக்கு எழுதிய நோயாளிப் பதிவுப் படிவம் மருத்துவமனையில் முதன்முதலாக வேலைக்கு வந்த அன்றுதான் அண்ணிக்கும் வலி எடுத்தது. பிரசவ வார்டு இரண்டாம் மாடியில். அவள் மூன்றாம் மாடியில், போர்வைகள் அடுக்கிய அறையின் ஓரத்தில் போட்ட மேசையில். முதல் நாளாயிற்றே, படிவத்தில் கோளாறென்று யாராவது கூப்பிடலாம்; தொலைபேசியை விட்டு நகர முடியவில்லை. "பொண்ணுடி! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று அண்ணன் மாடியேறி வந்து மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு ஓடியபோதுகூட, போர்வைகளுக்கு முன்னால் ஒரு குதி குதித்ததோடு சரி.

படிவத்தில் அவளுக்குப் பெருமை வயதுக் கட்டம்தான். எழுத்தைத் தட்டினால் ஏற்காது. மைனஸ் போட்டால் ஏற்காது. காலியாக விட்டால் 'வயதை நிரப்பவும்' என்று சிவப்பில் கத்தும். ஒரு வாரம் விதவிதமாகத் தப்பு செய்து பார்த்திருந்தாள்.

பதினோரு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"ஏ வாலு, உன் ஃபார்ம் என் பொண்ணை மதிக்கவே மாட்டேங்குது!"

"என்னண்ணா ஆச்சு?"

"வயசு ஜீரோன்னு போட்டா, வயசைப் போடு, வயசைப் போடுன்னு முறைக்குது. கவுன்டர் மேடம் ஒண்ணுன்னு போட்டுடலாங்கறாங்க. பொறந்து மூணு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள ஒரு வயசா? ஒத்துக்கவே மாட்டேன்!"

அவளுக்குப் பொறி தட்டியது. "அங்கயே நில்லு, வரேன்."

கட்டத்தில் எழுதியதை எண்ணாக மாற்றி, 'வயது உண்டு, மைனஸும் இல்லை என்றால் மேலே போ' என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். 'வயது உண்டா' என்று கேட்டால் கணினிக்கு உண்மை, பொய் என்று இரண்டே பதில். முப்பது உண்மை, எழுபது உண்மை, பூஜ்யம் மட்டும் பொய். காலிக் கட்டமும் எண்ணாக மாறினால் பூஜ்யம்தான். ஆக, வயதே சொல்லாதவரும் இப்போதுதான் பிறந்தவளும் அதற்கு ஒன்று. பூஜ்யத்தைத் தட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள்.

ஒரு வரி மூன்றானது. கட்டம் காலியா, தட்டியது எண்தானா, பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா. திருத்தியதைச் சரிபார்த்து மருத்துவமனைக் கணினியில் ஏற்றிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படிகளில் ஓடினாள்.

கவுன்டர் அம்மா மறுபடி பூஜ்யத்தைத் தட்டினார்.

"ஏத்துக்கிச்சு சார்!"

வரிசையில் நின்றவர்கள் விஷயம் கேட்டுக் கைதட்டினார்கள்.

"பேரு?"

அண்ணன் விழித்தான். "இன்னும் முடிவாகலையே..."

"கீழ 'பெயர் வைக்கவில்லை'ன்னு ஒரு பெட்டி இருக்கு, டிக் பண்ணுங்க" என்றாள் அவள்.

"நல்ல பொண்ணும்மா நீ! பேர் வைக்காத குழந்தை ஞாபகம் வந்திருக்கு, வயசாகாத குழந்தை ஞாபகம் வரலையே!" என்றார் கவுன்டர் அம்மா.

எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள்.

வார்டில் அண்ணி குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். "என்ன, வந்ததும் வராததுமா உன்னை வேலை வாங்கிட்டாளாமே?"

"ஆமா அண்ணி. ஒரு வாரமா நான் தேடியும் கண்டுபிடிக்காத தப்பை, உங்க பொண்ணு தூங்கிட்டே கண்டுபிடிச்சுட்டா."

மருமகள் அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.