பழுது நோட்டில் மூன்று வரி

அண்ணன் கையில் இருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அனுப்பிய படத்தில் அவன் ராணுவ வண்டிப் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். இடது கையில் ஸ்பேனர், சட்டைப் பையின்மேல் கிரீஸ் கறை, முகத்தில் 'சீக்கிரம் எடுடா, வேலை கிடக்கு' என்கிற பார்வை. இப்போது ஸ்பேனர் துப்பாக்கியாகியிருந்தது. கிரீஸ் கறைக்கும் பதவி உயர்வு கிடைத்து அது பதக்கமாகியிருந்தது. முகத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள் போல. அதனால், பதக்கம் வாங்கிய வீரன் ஒருவன் எதிரியிடம், 'சீக்கிரம் வந்து குண்டு வாங்கிக்கோ, வேலை கிடக்கு' என்று சலித்துக்கொள்வதுபோல் இருந்தது.

"எப்படி வந்திருக்கு?" என்றார் கொண்டுவந்தவர், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

அவர் ராணுவத்தின் செய்திப் பிரிவு அதிகாரி. போரில் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். அம்மா அவருக்கு மலர்க்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். முதல் தடவை வந்து எங்கள் குடும்பப் பின்னணியைக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த தடவை அண்ணனின் ராணுவ சேவை. இன்று இரண்டையும் சேர்த்து அச்சடித்து எடுத்து வந்திருந்தார். அப்பா படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சீருடையில் அவர் உட்கார்ந்த பிறகும் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. போர் தொடங்கி நான்கு வருஷமாகியும் அந்த மடிப்புக்கு ஒரு சேதமும் இல்லை.

அவருடைய ஜீப் வந்து நின்றதுமே அப்பா வெளியே போய் முன்சக்கரத்துக்கு ஒரு கட்டையை வைத்துவிட்டுத்தான் 'வாங்க' என்று சொன்னார். எங்கள் தெரு சரிவு. இந்தத் தெருவில் எந்த வண்டி நின்றாலும் அப்பா கட்டை வைப்பார். பால் வண்டிக்கும் வைப்பார், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களின் காருக்கும் வைப்பார். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்த்தவர். பிறத்தியார் பிரேக்கை நம்புவது அவருடைய பழக்கத்தில் இல்லை.

கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தும் அப்பா தாளை என்னிடம் நீட்டினார். நான் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவள். பெயர், வயது, என்ன உபாதை. மூன்று கேள்வியில் ஒரு மனுஷரை அடக்கிவிடுவேன். மலர்க்காரரின் எழுத்தைப் படிக்கப் படிக்க என் வேலைமேல் எனக்கே மரியாதை வந்தது.

'வீரப் பரம்பரையில் உதித்தவர்' என்று ஆரம்பித்தது. எங்கள் பரம்பரையில் பட்டாளத்தைப் பார்த்தவர் ஒருவர்தான், அப்பாவின் தாத்தா. ஆள்பிடிக்க வந்தபோது காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு நாள் ஒளிந்திருந்து, தும்மி மாட்டிக்கொண்டு, மூன்றாம் வாரமே பயிற்சி முகாமிலிருந்து ஓடிவந்தவர். அப்பா இதை முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். மலர்க்காரரும் சிரித்துக்கொண்டு எழுதினார். எழுதியது இப்படி வந்திருந்தது: 'கொள்ளுத்தாத்தாவும் ராணுவப் பயிற்சி பெற்றவர்.'

'சிறு வயது முதலே சீருடைக் கனவு கண்டவர்.' பள்ளிக்கூடச் சீருடையை ஞாயிற்றுக்கிழமை துவைக்கச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும் அவனுக்கு. அவன் கண்ட கனவு டிப்போ வேலை. டிப்போவில் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ராணுவம் மட்டும் கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "வண்டி வேலைதாம்மா. துப்பாக்கிய தூரத்துல இருந்து பாக்குறதோட சரி" என்று சொல்லித்தான் போனான்.

'தாய் புன்னகையுடன் வழியனுப்பினார்.' அன்று அம்மா அவனுடைய ஷூக்களை ஒளித்துவைத்துவிட்டாள். ஷூ இல்லாவிட்டால் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவளாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு, அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நாட்டைக் காப்பாற்றக் கிளம்பினான். ஒரு அளவு பெரிய செருப்பு. தெருக்கோடி திரும்பும்வரை டப் டப்பென்று கேட்டது. ஷூக்கள் இன்னும் பாத்திர அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

கடைசிப் பத்தி இது. 'எதிரியின் முன்னேற்றத்தைத் தடுக்கும் மிக முக்கியமான பணியில், தன் வாகனத்துடன் வீரமரணம்.'

வண்டியில் இருந்தது சோபா. அண்ணனின் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த அவன் பட்டறைக் கூட்டாளி, தண்ணீர்கூடக் குடிக்காமல் அதைச் சொல்லிவிட்டுப் போனார். போர்முனையைப் பார்வையிடப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், அவர் உட்கார மலைமேல் முகாமிலிருந்து கீழ் முகாமுக்கு சோபா இறங்க வேண்டும். மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இருக்கை இரண்டு. அண்ணன் ஓட்டிய லாரி ஆறாவது வளைவில் திரும்பவில்லை. எதிரி என்று ஒருவன் இருந்தால் அவன் அந்நேரம் எங்கேயாவது சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான்.

அப்பா வேலை பார்த்த டிப்போவில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் பழுது நோட்டு தொங்கும். 'ஓட்டக் கூடாது' என்று அதில் ஒரு மெக்கானிக் எழுதிவிட்டால் பஸ் நகராது. எழுதின கையே 'சரி' என்று எழுதும்வரை மேனேஜரே வந்து நின்றாலும் நகராது. ஒரு தடவை மந்திரி கூட்டத்துக்குப் போக வேண்டிய பஸ்ஸையே அப்பா நிறுத்திவைத்தார். வாயால் சொன்னால் காற்று, நோட்டில் எழுதினால் சட்டம் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் இருவரையும் வளர்த்தார்.

ராணுவத்திலும் ஒரு நோட்டு இருந்தது. அண்ணன் அதன் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பினான். 'பிரேக் பெடல் தரை வரை இறங்குகிறது. ஓட்டக் கூடாது.' கீழே வேறு மையில் 'பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்து. நான்கு நாள் தள்ளி மறுபடி அதே வரி, அதே 'பார்த்தேன்'. படத்துக்கு அடியில் கேட்டிருந்தான்: 'அப்பா, ரெண்டு தடவை எழுதிட்டேன். ஆனாலும் ஓட்டச் சொல்றாங்க. என்ன செய்ய?'

அப்பா யோசிக்கவே இல்லை. 'இன்னொரு தடவை எழுது' என்று பதில் போட்டார்.

எழுதினான். மறுநாள் காலை அந்தப் படமும் வந்தது. மூன்றாவது வரிக்குக் கீழே 'பார்த்தேன்' இல்லை. யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மதியம் சோபா கிளம்பிவிட்டது.

"ஒரு வரி சேக்கணுங்க" என்றார் அப்பா. "பிரேக் பிடிக்கலன்னு மூணு தடவ எழுதி வச்சான். அத போடுங்க. போதும்."

மலர்க்காரர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். ஒரு பக்கத்துக்கு நூற்றைம்பது சொல்தான் என்று உத்தரவாம். இப்போதே நூற்று நாற்பத்தெட்டு ஆகிவிட்டதாம்.

"அந்தப் புன்னகைய எடுத்துட்டு இத போடுங்க" என்றாள் அம்மா. "நான் சிரிக்கல."

அவர் அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தார். அது அவரிடம் நிறைய இருந்தது. "நாளைக்கு வர்ற தலைமுறை படிக்கப்போற புத்தகம்மா இது. அதுல போயி பிரேக்கு, பெடலுன்னு..."

"அவங்களும் வண்டியிலதான போவாங்க" என்றார் அப்பா.

மலர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்து இல்லாவிட்டால் பக்கம் அச்சேறாது, பையனுடைய பேர்கூட எங்கேயும் இருக்காது, அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று ஆறுதல் சொல்லுகிற குரலில் மிரட்டினார். அம்மாவின் கை படத்தின்மேல் இருந்தது. விரல் துப்பாக்கியைத் தொடாமல் முகத்தை மட்டும் சுற்றி வந்தது. நேற்று ராத்திரிவரை, பேராவது இருக்கட்டுமே என்று அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவள் அவள்தான். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

ஜீப் சரிவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அப்பா குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். விரலில் பிரேக் ஆயில் ஈரம்.

"பெடல் எப்படி இருக்கு தம்பி?"

டிரைவருக்கு அண்ணன் வயதுதான் இருக்கும். வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "நாலஞ்சு தடவ மிதிச்சா பிடிக்கும்யா."

"நோட்டுல எழுதினியா?"

"ரெண்டு தடவ எழுதிட்டேங்க. பாத்துட்டாங்க."

அப்பாவின் வாய் திறந்தது. முப்பத்தொரு வருஷம் சொல்லிப் பழகின பதில் அந்த வாய்க்குள் நிற்பது எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். பம்பரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டார்.

மலர்க்காரர் தாளும் படமுமாக வெளியே வந்து, இதைக் கவனிக்காமல் பின்சீட்டில் ஏறி, "போ" என்றார். டிரைவர் அசையவில்லை. எட்டிப் பார்த்தார். "பெரியவரே, என்ன இது? எந்திரிங்க. மணி நாலரை."

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் வந்த பால்காரர் சைக்கிளோடு நின்றுவிட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மலர்க்காரர், இது ராணுவ வாகனம், இதைத் தடுத்தால் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சுக்குச் சொல் கணக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மா வாசலுக்கு வந்தாள். அப்பாவை எழுப்பத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். பாத்திர அலமாரி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அண்ணனின் ஷூக்கள், முந்தானையெல்லாம் ஒட்டடை. யாரையும் பார்க்காமல் ஜீப்பைச் சுற்றிப் போய், கட்டை வைக்காத மற்ற முன்சக்கரத்துக்குக் கீழே ஒன்றை வைத்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்றை. இடம் போதாமல் அது விலகியது. குதிகாலால் மிதித்து உள்ளே தள்ளினாள்.

டிரைவர் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். பின்சீட்டில் மலர்க்காரர் மடியில் படத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்து அண்ணன் அவரைப் பார்த்து, சீக்கிரம், வேலை கிடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.