முன்னதாக வீடு போன செருப்புகள்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சொந்த வாயால் சத்தியம் செய்கிறேன். எனக்குப் பொய் சொல்கிற பழக்கமே கிடையாது என்பதற்கு என் மனைவி மிட்சுயோ சாட்சி. "உங்களுக்குப் பொய் சொல்லவே வரல" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள்.

கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பனி இறங்கியது; கூடவே நானும் இறங்கினேன். இடுப்பெலும்பு போயிற்று. எங்கள் மலையூர் ஆஸ்பத்திரியின் கிழக்கு வார்டில் படுக்கவைத்துத் தகடு வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் பெரியவரான ஓரிகாசா டாக்டர் என் எலும்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த செவ்வாய் வீட்டுக்குப் போகலாம்" என்றார். நான் எங்கள் ஜப்பானியக் காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய், ஆறு நாளுக்கொருமுறை சுற்றி வருகிற புட்சுமெட்சு. ஆகாத நாள். மறுநாள் புதன் தாயன், நல்லதெல்லாம் செய்கிற நாள். "புதன்கிழமை போறேன் டாக்டர்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அதைத்தான் செய்வார். எங்கள் வார்டுக்கு வந்தபிறகு அந்தக் கண்ணாடி தேய்ந்தே மெலிந்துவிட்டது.

நான் மட்டுமல்ல, எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். புட்சுமெட்சு அன்று ஒரு கட்டிலும் காலியாகாது. குணமான ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ஆப்பிள் சீவித் தின்போம். நர்சுகள் வேறு வேலையில்லாமல் எங்கள் காய்ச்சலை அளந்து, இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். தாயன் வந்தால் போதும், மூட்டை முடிச்சோடு எல்லோரும் ஒரே லிஃப்டில் ஏறுவோம். ஒருமுறை அந்த நெரிசலில் குடல் ஆபரேஷனுக்குப் போகவேண்டியவர் எங்களோடு கீழே இறங்கி, வீட்டுக்கே போய்விட்டார். இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, மேலிடத்திலிருந்து ஃபோன் வரும்வரை. குணமானவர்கள் கட்டிலை அடைத்துக்கொண்டிருப்பதால் ஆம்புலன்ஸ்கள் கணவாயைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகின்றன. செவ்வாயன்று அதிகாரி வருவார். அன்றும் குணமான ஆள் ஒருவர் படுத்திருந்தாலும் கிழக்கு வார்டை மூடிவிட்டு, நர்சுகளை மலைக்கு அந்தப்பக்கம் மாற்றிவிடுவோம் என்றார்கள். வார்டு போனால் ஆஸ்பத்திரியில் மிஞ்சுவது காய்ச்சல் மாத்திரை கொடுக்கிற ஜன்னல் ஒன்றுதான்.

நர்சுகளுக்கெல்லாம் தலைவி மேட்ரன் ஹடகேயாமா. குள்ளமான பெண்மணி. நடந்து வருவது காதில் விழாது; திரும்பினால் நிற்பார். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதை வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்தி முடிவு செய்வார். ஒரு வில்லையை இந்தப்பக்கம் நகர்த்தினால் ஊரின் அந்தப்பக்கம் ஒரு மாமியார் முகத்தைத் தூக்கிக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பலகை மலைக்கு அந்தப்பக்கம் போனால் எத்தனை குடும்பம் குலையும் என்றும் தெரியும். அன்று வில்லைகளைத் தொடாமல் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

டாக்டர் முதலில் முயன்றார். எங்கள் அறைக்கு வந்து, காலண்டர் என்பது வெறும் காகிதம், கிரகங்களுக்கு நம் இடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று பிரசங்கம் செய்தார். பக்கத்துக் கட்டில் இவபுச்சி, பித்தப்பையை எடுத்துவிட்ட பழைய குதிரைத் தரகன், கையைத் தூக்கினான்.

"ஒரு சந்தேகம் டாக்டர். புது லிஃப்டுக்கு நீங்க ரிப்பன் வெட்டினது என்ன நாளு?"

"அது... தாயன். தற்செயலா அமைஞ்சுது."

"பொண்ணு கல்யாணம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுவும் தற்செயல்தானா? சரி, அது குடும்ப விஷயம், விடுங்க. இந்த வார்டுல மூணாம் ரூமுக்கு அடுத்தது அஞ்சாம் ரூமா இருக்கே, நாலு எங்க போச்சு? நீங்கதானே கட்டினீங்க?"

நாலுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பான ஜப்பானில், நான்காம் எண் அறையில் படுக்க எந்த நோயாளி சம்மதிப்பான்? டாக்டர் துடைத்துக்கொண்டே வெளியேறினார்.

மேட்ரன் பிரசங்கம் செய்யவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆப்பிள் சீவ ஆரம்பித்தார். தோல் அறாமல் நீண்டுகொண்டே போயிற்று.

"ஓயிகாவா சான், நீங்க இப்ப இருக்கிற வீட்டுக்குக் குடிபோனது என்ன நாளு?"

"அதை ஏன் கேக்கறீங்க! புட்சுமெட்சு அன்னிக்குத்தான் லாரி கிடைச்சுது."

"போனீங்களா?"

"போகாம? அதுக்கு முந்தின தாயன்லயே மிட்சுயோ சோத்துப் பானையைக் கொண்டுபோய் வச்சுட்டா. அன்னிக்கே குடிபோயாச்சுன்னு கணக்கு. எல்லாரும் பண்றதுதானே."

கத்தி நின்றது. "அப்போ நாளுக்கு முழு ஆளும் வேண்டாம். ஒரு சாமான் போதும்?"

"போதும்."

"ஆளு பின்னாடி வரலாம்?"

"வரலாம்... நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு புரியலியே, மேட்ரன்?"

அவர் ஆப்பிளை என் வாயில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வியாழனும் தாயன்; ஆனால் செவ்வாய்க்கு முன் எங்களை விட டாக்டர் தயாரில்லை. அன்று காலை நர்சுகள் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு செருப்பைக் கேட்டு வாங்கினார்கள். இடது கால். செருப்பு வழுக்கும், போடாதீர்கள் என்று மேட்ரன் ஓயாமல் கெஞ்சிக்கொண்டிருந்தவர்; பாதி நிறைவேறியது. செருப்புகளை வாசலில் வரிசையாக வைத்து, நர்சுகள் எல்லோரும் குனிந்து, "உடம்பைப் பாத்துக்கங்க" என்று வழியனுப்பினார்கள். குனிந்தது செருப்புகளுக்கு. பிறகு வேலை முடிந்து போகிறவர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மிட்சுயோ என் செருப்பை மெத்தையில் உட்காரவைத்து, மிசோ சூப்பும் முள்ளங்கி ஊறுகாயும் பரிமாறியிருக்கிறாள். பிறகு ஃபோனில், "நல்ல மனுஷர். உப்பு பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றாள்.

ஆக எல்லோரும் முறைப்படி நல்ல நாளில் வீடு போய்விட்டோம். இவபுச்சியைத் தவிர. அவன் செருப்பு சாயங்காலமே திரும்பி வந்தது.

"வாங்க ஆளில்லையாம்" என்றாள் மினாதோ என்கிற நர்ஸ். "கதவு பூட்டிக் கிடக்கு. வாசல்ல பனி மார்பளவு."

"பாத்தியா, செருப்புக்கே நாள் சரியில்ல" என்று இவபுச்சி சிரித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன தாயனில் அவனுக்குப் பல்வலி. அதற்கு முந்தியதில் தலைசுற்றல். அவன் மனைவி போய் ரொம்ப நாளாயிற்று, குதிரைகளும் போயின. மேட்ரனுக்கும் உறைத்திருக்க வேண்டும். செருப்பை வாங்கி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு இவபுச்சியிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

செவ்வாய். அதிகாரி வந்தார். மேட்ரன் வரவில்லை. லீவாம்! அவர் லீவெடுத்து அந்த ஆஸ்பத்திரி பார்த்ததில்லை. பலகையில் அவருடைய வில்லை ஓய்வுக் கட்டத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்து டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஒற்றைச் செருப்போடு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நொண்டிக்கொண்டிருந்தோம்.

"இதென்ன, புட்சுமெட்சு அன்னிக்கு இத்தனை பேர் கிளம்பறாங்க?" என்றார் அதிகாரி. அவருக்கும் காலண்டர் மனப்பாடம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "இவங்கல்லாம் போன தாயன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிட்டாங்க சார். இப்போ போறது மிச்ச சாமான்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. அதிகாரி யோசித்தார். "முறைதான்" என்றார்.

ஆனால் ஜன்னலோரத்தில் இவபுச்சி போர்வையை மூக்குவரை இழுத்துப் படுத்திருந்தான். அதிகாரி அவனை நோக்கித்தான் நடந்தார். நான் லிஃப்டை விட்டுவிட்டு நின்றேன்.

"என்ன உடம்புக்கு?"

இவபுச்சி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு அந்தப்பக்கம் அவன் வீடு. வாசலில் ஆள் போகிற அளவுக்குப் பனி வெட்டியிருந்தது. கூரைக் குழாயிலிருந்து புகை நேராக எழுந்துகொண்டிருந்தது.

"டேய், ஓயிகாவா. என் வீட்டுல புகை வருதுடா."

"ஆமா."

"யாருடா உள்ள?"

"உன் செருப்பா இருக்கும்."

"செருப்பு அடுப்பு மூட்டுமா? விறகு எங்க இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" போர்வை கீழே விழுந்தது. "என்ன சமைக்குதுன்னு தெரியல, புகை வெள்ளையா வருது பாரு." ஆஸ்பத்திரி அங்கியின்மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டான். அது என் கோட்டு என்று நான் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினான். ஒற்றைச் செருப்போடு பாலத்தைக் கடந்தான். அதிகாரி, டாக்டர், நர்சுகள், நான், எல்லோரும் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். அவன் கதவருகே போய், சொந்த வீட்டுக் கதவைத் தட்டினான். கதவு உள்ளேயிருந்து திறந்தது.

பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. இவபுச்சியின் கட்டிலில் புது விரிப்பு விரிக்க மினாதோ ஓடினாள்.

எனக்குத் தகடு வைத்தது கணவாயைத் தாண்டி, அடுத்த ஊரில். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை, நான் கூரையிலிருந்து விழுவதற்கு முந்தைய வசந்தத்திலேயே மூடிவிட்டார்கள்.