புது ஷூவின் லேஸ்

அப்பாவின் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சுப்புராயன் அவிழ்ப்பதை லிடியா பார்த்துவிட்டாள். செத்தவர் காலைத் தொடுகிறோமே என்ற கூச்சம் அந்த மனிதர் முகத்தில் துளியாவது இருக்க வேண்டாமா?

“இன்னா சார் பண்றீங்க?”

“ஷூ போடணும்மா. ஃபுட்பால் பிளேயரு வெறுங்காலோட போவக்கூடாது. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கினு போயிடறேன்.”

சுப்புராயன் கள்ளக்குறிச்சியில் ஒரு விளையாட்டு மன்றத்துக்குச் செயலாளர். கையில் புத்தம் புது ஷூ, பின்னால் கேமராக்காரர். வாசலில் அவர் கட்டவைத்த பேனரில் அப்பா தபால்தலை அளவுக்கு ஓரத்தில் இருந்தார். செயலாளர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

அப்பா லூர்துராஜ் மாவட்ட அணிக்கு ஆடியபோது ஷூ போட்டவர்தான். கரியாலூர் மலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனதும், பிள்ளைகளுக்கு இல்லாத ஷூ எனக்கு மட்டும் எதற்கு என்று கழற்றினார். அப்புறம் போடவே இல்லை. கல்லில் உதைத்து உதைத்து வலது கட்டை விரலில் நகமே நிற்கவில்லை. கணக்கு நோட்டைக் காட்டினால்தான் பந்தைத் தொடவிடுவார். மலையில் யாருக்காவது பாம்பு கடித்தால் அவர் பைக்தான் ஆம்புலன்ஸ். பள்ளிக்கூட அணியின் பதினொரு பெண்களுக்கு ஷூ கேட்டு ஒன்பது வருடம் இந்தச் சுப்புராயனிடம் நடந்தார். கல்லில் நார் உரித்திருந்தாலும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

“எடுத்து வைங்க சார் அத” என்றாள் லிடியா.

“வுடு லிடியா. சாவு வூட்ல சண்ட வாணாம்” என்றாள் அம்மா இசபெல்லா, சவப்பெட்டியின் தலைமாட்டிலிருந்து. லிடியா விலகி நின்றாள்.

ஷூ சின்னது. குதிகால் உள்ளே போகவில்லை. சுப்புராயன் முட்டி போட்டு, மூட்டைக்குள் துணி திணிப்பதுபோல் திணித்தார். கேமரா பக்கம் திரும்பியதும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் ஷூவை உருவி, துண்டால் அடிப்பாகத்தைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்தார்.

“அதுவும் எடுத்துக்கினு போறீங்களா?” என்றாள் தனுஷா. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

“கடையில திருப்பிக் குடுக்கணும்மா. போட்டோவுக்குன்னு சொல்லித்தான் எடுத்தாந்தேன்.”

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது லிடியாவுக்கு. கட்டு இல்லாத அப்பாவின் கால்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவிழ்த்துப் போட்ட துணி, சிந்திய காப்பியில் யாருடைய காலடியிலோ மிதிபட்டுக் கிடந்தது. நாலு மணிக்கு அடக்க ஜெபத்துக்குச் சாமியார் வந்துவிடுவார்.

லிடியா அவர் கையிலிருந்து அட்டைப்பெட்டியை வாங்கினாள். ஒரு ஷூவிலிருந்து வெள்ளை லேஸை ஓட்டை ஓட்டையாக, நிதானமாக உருவினாள்.

“யம்மா, லேஸ் இல்லாம கடக்காரன் வாங்க மாட்டாம்மா!”

தனுஷா குனிந்து இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்தாள். லிடியா கட்டை விரல்களில் லேஸைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“பாத்துக் கட்டுக்கா” என்றாள் தனுஷா. “சாருக்கு அந்த வெரலு வலிக்கும்.”

லிடியா முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினாள்.